பேய்களின் பட்டறை

ரத்தக்காட்டேரியின் ஆயுளில் பெரும்பகுதி மரம் வெட்டுவதில் கழிகிறது. 'வி ரைசிங்' என்ற கணினி விளையாட்டைத் தொடங்குகிற யாரும் முதலில் திகைப்பது இதில்தான். நூற்றாண்டுக் கணக்கில் உறங்கிவிட்டு ஒரு பாழடைந்த கல்லறைக்குள் கண்விழிக்கிறோம். உடம்பில் வலு இல்லை, கையில் ஒன்றும் இல்லை. கிடக்கிற எலும்பைப் பொறுக்கி ஒரு வாள் செய்துகொண்டு வெளியே வந்தால் யாரையும் பயமுறுத்த நேரமில்லை. மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், செம்புத் தாது தேடி அலைய வேண்டும். மரத்தை அறுவைப் பட்டறையில் போட்டால் பலகை. தாதுவை உலையில் போட்டால் செம்புக் கட்டி. தோல் பதனிடத் தனி இடம், கல் அரைக்கத் தனி இயந்திரம். பலகை சேர்ந்தால்தான் அடுத்த மேசை, மேசை இருந்தால்தான் அடுத்த வாள். மனிதர் கழுத்தைக் கடிப்பது என்பது வேலைக்கு நடுவே டீ குடிக்கப் போய் வருவதுபோல நடக்கிறது.

இதை உருவாக்கியது ஸ்டன்லாக் ஸ்டுடியோஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம். 2022 மே மாதம் முன்னோட்ட வடிவத்திலும், 2024 மே 8 அன்று முழு வடிவத்திலும் வெளிவந்தது. அவர்களுடைய ஊர் ஷோவ்டே. வால்வோ எஞ்சின்கள் தயாராகிற ஊர். ஆலை ஊரில் பிறந்த பேய்க்கு இத்தனை பட்டறை ஞானம் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அது இங்கே வந்து சேர்ந்ததிலும் இல்லை.

நான் இருப்பது குன்றத்தூரில். ஒரகடம் பக்கத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மாடியில் நாலு பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நாலு பேருக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட், ஒரே கேஸ் அடுப்பு. அவர்களில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினி சேர்த்து வைத்திருக்கிறான். அவன்தான் என்னை இதில் இழுத்துவிட்டது. டிப்ளமோ முடித்தவன். கார் கதவுக்குள் ஒயர் கட்டுகிற ஸ்டேஷனில் நிற்கிறான். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கதவு அவன் முன்னால் வந்து போகிறது. "முழுக் கார் எப்படி ரெடியாவுதுன்னு நான் யூட்யூப்லதாண்ணா பாத்தேன்" என்றான் ஒரு நாள். அதே பையன் நள்ளிரவில் எழுப்பாத குறையாக வந்து, "மரத்துலருந்து வாள் வரைக்கும் நானே பண்ணேண்ணா" என்று திரையைக் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் ஸ்டேஷனில் கட்டிய ஒயர்களைப் பற்றி அந்த முகத்தோடு பேசி நான் கேட்டதில்லை.

ரத்தம் இந்த விளையாட்டின் ருசி அல்ல என்று எனக்கு அப்போது பட்டது. ருசி பட்டறையில் இருக்கிறது. ஒரு பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முழுக்க ஒருவன் கையில் இருப்பதன் ருசி அது. உலைக்கு அதற்குரிய தரையைப் போட்டு, சுற்றிலும் சுவர் அடைத்து ஓர் அறையாக்கினால் தாது குறைவாகச் செலவாகும், வேலை வேகமாக நடக்கும் என்று விளையாட்டில் ஒரு விதி உண்டு. இதைப் படித்ததும் பையன் சிரித்தான். "ஃபைவ் எஸ்ணா! இதத்தான டெய்லி மீட்டிங்ல சொல்றானுங்க." வேலையிடத்தை அடுக்கி ஒழுங்காக வைக்கச் சொல்கிற பாடம் அது. ஆனால் கம்பெனியில் முனகிக்கொண்டே செய்கிற அதே ஒழுங்கை இங்கே ராத்திரி 2 மணிக்குத் தரையை இரண்டு முறை பெயர்த்துப் போட்டுச் சரிசெய்கிறான். மிச்சமாகிற தாது அவனுடையது.

ஸ்வீடன்காரர்கள் இதை விளையாட்டில் மட்டும் செய்து பார்க்கவில்லை. 1974-இல் வால்வோ கால்மார் நகரத்தில் ஓர் ஆலை திறந்தது. வழக்கமான ஓடும் லைனை விட்டுவிட்டு, வேலையைக் குழுக்களிடம் பிரித்துக் கொடுத்த ஆலை அது. 1980-களின் இறுதியில் உத்தேவல்லாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு சிறு குழு, நின்ற இடத்தில், ஒரு முழுக் காரைப் பூட்டி முடித்து அனுப்பியது. விற்பனை சரிந்தபோது முதலில் கை வைத்தது இவற்றில்தான். 1993-இல் உத்தேவல்லாவும், 1994-இல் கால்மாரும் மூடப்பட்டன. அந்த ஆலைகள் திறமையானவையா இல்லையா என்று இன்னும் தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. தொழிற்சாலைக்குள் இடமில்லாமல் போன ஒன்று, தொழிற்சாலையிலிருந்து திரும்பி வருகிறவனுக்கு விளையாட்டாக விற்கப்படுகிறது. மரம், பலகை, கட்டி, வாள் என்று போகிற இந்த வகை விளையாட்டுகள் உலகம் முழுக்க இத்தனை விற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் முழு வேலை சும்மா கிடைப்பதில்லை. அங்கேதான் கழுத்து வருகிறது.

விளையாட்டில் ரத்தத்துக்கு வகை உண்டு. வீரன், அறிஞன், முரடன், போக்கிரி, விலங்கு, பிறகு தொழிலாளி. ஓர் ஆள்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அவன் எந்த வகை, எத்தனை சதவீதத் தரம் என்று எழுத்து வரும். (டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து ஆள் பொறுக்கும் கான்ட்ராக்டர்களுக்கு இந்தப் பார்வை ஏற்கெனவே உண்டு.) வீரனின் ரத்தம் குடித்தால் அடி பலமாக விழும். அறிஞனின் ரத்தம் மந்திரத்துக்கு. தொழிலாளியின் ரத்தத்தைக் குடித்தால்? மரமும் பாறையும் சீக்கிரம் விழும், கிடைக்கும் சரக்கும் கூடும். மரம் வெட்டுகிற ஒருவனைக் குடித்துவிட்டு நாம் மரம் வெட்டுகிறோம். அவன் உயிர் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் கைப்பழக்கம் நம் கைக்கு வந்துவிடுகிறது.

கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் ரத்தக்காட்டேரியைக் கூப்பிடுகிறார் என்பது சிவப்புத் துண்டு போட்ட எல்லோருக்கும் தெரியும். மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்ந்துபோன உவமை. ஆனால் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் முறையைப் பேசும் பகுதியிலும் அவர் அதைத் திரும்ப அழைக்கிறார் என்பது அத்தனை பேருக்கு நினைவில் இருப்பதில்லை. வேலையை ராத்திரிக்குள் நீட்டினாலும் அந்தத் தாகம் கொஞ்சம்தான் அடங்குகிறது என்பது அவர் வாதம். இங்கே அதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை 12 மணிவரை நீட்ட வழிசெய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்க்கவே மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறு ஆண்டு. மாடிப் பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "அப்ப ஓ.டி. போட்டு நாங்க பன்னண்டு மணி நேரம் நிக்கிறது என்ன கணக்குண்ணா?" கணக்குப் பார்க்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி.

விளையாட்டில் ராத்திரி நமக்குச் சொந்தம், பகல் எதிரி. வெயிலில் கால் வைத்தால் சில நொடியில் உடம்பு பற்றிக்கொள்ளும். பகலில் வெளியே போவதென்றால் மர நிழல் விட்டு மர நிழல் தாவ வேண்டும். சூரியன் நகர நகர நிழலும் நகரும். அவசரத்தில் நிழல் தந்த மரத்தையே வெட்டிவிட்டால் அடுத்த நொடி நாம் எரிகிறோம். இதை வடிவமைத்தவன் ஒரகடத்தில் ஒரு சித்திரை மாதம் இருந்திருக்க வேண்டும். சி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் காலை 7 மணிக்குப் பையன்களை இறக்கிவிடும்போது, அவர்கள் கடை முன்னால் நீட்டியிருக்கும் தகரத்துக்குக் கீழேயே ஒட்டி ஒட்டி வருவார்கள். அறை ஜன்னலுக்குப் போர்வை. கதவிடுக்குக்குப் பழைய செய்தித்தாள். ஊரே விழித்திருக்கும் நேரத்தில் தூங்குகிறவனைத் தெருவில் யாரும் நல்லபடியாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் கேன்காரன் கதவைத் தட்டித் திட்டு வாங்காத நாளில்லை.

சென்னையைச் சுற்றி ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது கோயில் சொல்வார்கள். சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம். குன்றத்தூர் திருநாகேஸ்வரம் ராகுவுக்கு. சூரியனை விழுங்குகிறவனுக்கு. நைட் ஷிப்ட் ஊருக்குப் பொருத்தமான கிரகம் என்று ஞாயிற்றுக்கிழமை ராகுகாலக் கூட்டத்தைப் பார்த்து நினைத்துக்கொள்வேன். அந்தக் கோயிலைக் கட்டியவர் சேக்கிழார். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கோட்டை. மாடிப் பையனுக்குப் பட்டறை பிடித்த மாதிரி எனக்குப் பிடித்துப்போனது கோட்டையின் இதயம். தொழில்புத்தி. கோட்டை கட்டுவதற்கு முன்னால் ஓர் இதயத்தை நட வேண்டும். அதற்கு ரத்தச் சாரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் விளையாடினாலும் தூங்கினாலும் அது குடித்துக்கொண்டிருக்கும். தீர்ந்துபோனால் சுவர்கள் சிதையத் தொடங்கும். மாதாமாதம் உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுகிற செலவுகளை நான் பதினைந்தாம் தேதிக்குள் ஒதுக்கி வைக்கிறவன். எனக்கு இந்த இதயத்தை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. கோட்டையைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஓட்டமும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் ரத்தம் தேடுவது பசிக்கு இல்லை, சுவருக்கு.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலையும் பேய்க்கதையாக நான் இப்போது படிப்பதில்லை. கோட்டைக்கு விருந்தாளியாகப் போகும் வக்கீல், பிரபுவே தனக்குப் படுக்கை விரிப்பதையும் சாப்பாட்டு மேசை போடுவதையும் கண்டுபிடித்துவிடுகிறான். அந்தப் பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரன்கூட இல்லை. பிறகு பிரபு இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறார், சொந்த ஊர் மண் நிரப்பிய 50 பெட்டிகளோடு. வர்னா துறைமுகத்தில் கப்பலேற்றி, விட்பியில் இறக்கி, ரயிலில் லண்டனுக்கு. அவரைத் துரத்துகிறவர்கள் சிலுவையைத் தூக்குவதற்கு முன்னால் பில்லையும் டெலிவரி ரசீதையும் தேடி அலைகிறார்கள். எந்தப் பெட்டி எந்த வண்டியில் எந்த முகவரிக்குப் போனது என்று கூலியாட்களுக்குக் குடிக்கக் காசு கொடுத்து விசாரிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று வீடு திரும்புகிற எனக்கு அந்தப் பக்கங்கள்தான் விறுவிறுப்பு.

வி ரைசிங்கில் வேலைக்காரர்கள் உண்டு. ஒரு மனிதனை மயக்கிக் கோட்டைக்கு நடத்திவந்து, சவப்பெட்டியில் படுக்கவைத்து, மாற்றி எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெட்டி. பிறகு அவர்களைக் காட்டுக்கோ சுரங்கத்துக்கோ அனுப்பினால் சில மணி நேரம் கழித்துச் சரக்கோடு திரும்புவார்கள். கைதிகள் வேறு. கூண்டில் அடைத்து வைத்து ரத்தம் எடுப்பது. எடுக்க எடுக்க அவர்கள் துயரம் என்று ஓர் எண் ஏறும். மீன் கொடுத்தால் இறங்கும், மீன் கிடைக்காவிட்டால் எலி. எலி வளர்க்கவே ஒரு கூடு கட்டிக்கொள்ளலாம். இதைப் பார்த்தவுடன் யாருக்கும் விடுதியும் கேன்டீனும் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 படுக்கைகள். எண்ணைப் படித்தவுடன் பெட்டி வரிசைதான் கண்ணில் வந்தது என்பது உண்மை. ஆனால் அது சோம்பேறித்தனமான ஒப்பீடு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் ஆலைக்குச் சற்றுத் தள்ளிப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சங்கம் வைத்துக்கொள்வோம் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. வி ரைசிங்கின் வேலைக்காரனுக்குக் காயம்படும், சாவும் வரும். மாட்டேன் என்று சொல்ல மட்டும் வராது. துயரத்துக்கு ஓர் எண் வைக்கத் தெரிந்த ஸ்வீடன்காரர்களுக்கு வேலைநிறுத்தம் தெரியாதா என்ன? விளையாடுகிறவன் முதலாளி இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதைச் சகித்துக்கொள்ள மாட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்த குன்றத்தூர்க்காரர். பெரிய புராணத்தில் குயவர் வருகிறார், வண்ணார் வருகிறார், மீன் பிடிக்கிறவர் வருகிறார், நெசவாளி வருகிறார். திருவொற்றியூர் எண்ணெய் வணிகர் கலிய நாயனாரும் வருகிறார். கோயிலில் விளக்கெரிப்பது கலியரின் நோன்பு. செல்வம் கரைந்துவிடுகிறது. உறவுக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, அந்தக் கூலியில் எரிக்கிறார். அவர்கள் எண்ணெய் கொடுப்பதை நிறுத்தியதும் செக்கு ஆட்டுகிற கூலிக்குப் போகிறார். அந்த வேலையும் இல்லாமல் போகிறது. வீட்டை விற்கிறார். மனைவியை விற்கக்கூடத் துணிகிறார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகல்களில் திரியிட்டு வைத்துவிட்டு, எண்ணெய்க்குப் பதில் ரத்தம் வார்க்கத் தன் கழுத்தை அறுக்கிறார். இறைவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். சிறுவயதில் இது பக்தியாக மட்டும் கேட்டது. இப்போது படித்தால், வணிகன் கமிஷன்காரனாகி, கமிஷன்காரன் கூலியாகி, கூலி வேலையில்லாதவனாகிற படிக்கட்டை ஓர் அமைச்சர் எத்தனை துல்லியமாக எழுதியிருக்கிறார் என்று படுகிறது. நின்றுவிடக்கூடாத ஒரு நெருப்பு, அதற்கு ஊற்ற ரத்தம். கோட்டை இதயத்துக்கும் இதுதான் கணக்கு, கழுத்து மட்டும் வேறு. எனக்குக் கலியரும் சமாதானம் தருவதில்லை. தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறவனை நாயனாராக்குவது முதலாளிகளுக்கு மிகவும் வசதி.

என் மனம் ஒட்டுவது சேக்கிழாருக்கு ஒரு தலைமுறை முந்திய ஜெயங்கொண்டாரிடம். கலிங்கத்துப் பரணியின் பேய்கள் பசியில் ஒட்டி உலர்ந்தவை. அவை முதலில் செய்வது என்ன? காளியின் முன் போய்ப் பசியை முறையிடுகின்றன. 'பேய் முறைப்பாடு' என்றே ஒரு பகுதி அதற்கு உண்டு. போர் முடிந்ததும் களத்தில் இறங்கிச் செய்வதெல்லாம் சுத்தமான பட்டறை வேலை. செத்த வீரர்களின் பல்லை அரிசியாகச் சேர்த்து, முரசை உரலாக்கி, யானைக் கொம்பை உலக்கையாக்கிக் குத்திக் கூழ் காய்ச்சுகின்றன. கிடக்கிற பொருளை எடுத்து வேண்டிய கருவியாக்கிக்கொள்ளும் இந்த விளையாட்டு, தமிழில் 900 ஆண்டுக்கு முன்பே இருக்கிறது. காய்ச்சிய பிறகு நடப்பது ஸ்வீடனில் கிடையாது. வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுகின்றன. குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு, சமணப் பேய்க்கு, பார்ப்பனப் பேய்க்கு, விருந்தாக வந்த பேய்க்கு. ஜெயங்கொண்டார் நக்கலாகத்தான் எழுதுகிறார், ஆனால் ஒரு பேய்கூட விடுபடுவதில்லை. கோட்டை கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை அவற்றுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேரும் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரு கோட்டையை நடத்துகிறார்கள். அதில் பெரிய தகராறு இதயத்துக்கு யார் ரத்தம் ஏற்றுவது என்பது. கடைசியில் காகிதத்தில் ஷிப்ட் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஏ, பி, சி. கம்பெனி ஷிப்ட் மாறினால் இதுவும் மாறும்.

நாலில் ஒருவன் ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்துப் பையன். தமிழ் இப்போது நன்றாகவே வருகிறது. பல் அரிசிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரோட பல்லுண்ணா?" என்றான்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். 1110-ஐ ஒட்டிய போர், முதலாம் குலோத்துங்கன், படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், படை கிளம்பியது இதோ காஞ்சிபுரத்திலிருந்து என்று சுற்றி வளைத்தேன். அவன் விடவில்லை.

"கலிங்கம்னா எங்க ஊருதான?"

"ஆமாம்ப்பா."

ஒரு நிமிஷம் யோசித்தான். எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டவணையில் தன் பெயரை அடித்துவிட்டு, திருவண்ணாமலைப் பையனிடம் பேனாவை நீட்டினான். "இந்த வாரம் ஃபுல்லா நீ ஏத்து. மீனும் நீயே புடி."

"டேய், நான் தொண்டைமானாடா?" என்று அவன் கத்தினான். மற்ற இரண்டு பேரும் கலிங்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.